கோடை விடுமுறைக்குக் கிளை நூலக அட்டை: ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்கு உதவும்?

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் தொடக்கம் வரை ஏறக்குறைய நாற்பது நாள். அதற்குள் பிள்ளை நாலு புத்தகமாவது படிக்கட்டும் என்று நினைக்கிற வீட்டுக்கு இன்று வழிகள் பல: கட்டணக் கோடை முகாம், இலவசக் கதைத்தளம், காமிக்ஸ், மாத இதழ், பக்கத்துத் தெரு அரசு நூலகம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதலில் வாங்க வேண்டியது நூலக அட்டைதான். மற்றவை அதற்குத் துணை. ஆனால் அட்டையை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்ததோடு பெற்றோர் ஒதுங்கிக்கொண்டால் இரண்டாவது வாரமே அது இழுப்பறைக்குள் போய்விடும். குறை அட்டையில் இல்லை, பதினொன்று முதல் பதின்மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்த அலமாரிகளில் சரியான இடம் இல்லாததுதான் காரணம்.

செலவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. திருப்பித் தரக்கூடிய ஒரு காப்புத்தொகை, ஓர் ஆண்டுச் சந்தா. இரண்டையும் கூட்டினாலும் புதிய சிறுவர் நாவல் ஒன்றின் விலையைத் தாண்டாது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி தனியாகத் தெரியும். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் அது வசூலாகிறது. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. ஆக, நூலகத்துக்குப் போகாத வீடும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சேர்வதற்குப் புகைப்படம், முகவரிச் சான்று, பெற்றோர் கையொப்பம் போன்றவை கேட்பார்கள். கிளைக்குக் கிளை நடைமுறை கொஞ்சம் மாறும் என்பதால் முதல் நாள் படிவத்தை மட்டும் வாங்கிவந்து, நிரப்பிக்கொண்டு மறுநாள் போவது நல்லது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நண்பகலில் பூட்டியிருக்கும் கிளைகளும் உண்டு. வாசல் பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் மே மாத வெயிலில் பிள்ளையை அழைத்துப்போய்ப் பூட்டைக் காட்டினால் அடுத்த முறை கூப்பிடுவது கடினம்.

அட்டை யார் பெயரில் என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளை பெயரில் ஒன்று, அப்பா அல்லது அம்மா பெயரில் இன்னொன்று என்று இரண்டாக எடுப்பதே எங்கள் பரிந்துரை. சிறுவர் அட்டைக்குச் சிறுவர் அலமாரியிலிருந்து மட்டுமே தருகிற நூலகர்கள் இருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிக்கும் புத்தகம் பெரும்பாலும் அந்த அலமாரியில் இருக்காது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கிளை நூலகத்தின் சிறுவர் அலமாரியைத் திறந்தால் நாலு வயதுக் குழந்தைக்கான படக்கதையும், நீதிக்கதைத் தொகுப்பும், தலைவர்கள் வரலாறு என்ற பெயரில் பரிசளிப்பு விழாக்களுக்கு வாங்கும் மெல்லிய நூலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைப் புரட்டிவிட்டு "இது சின்னப் பிள்ளைங்க புக்" என்று வைத்துவிடும். பெரியவர்கள் பக்கம் போனால் நானூறு பக்க நாவல். நூலகங்களுக்கு எடுக்கும் நூல்களுக்குப் பாரக் கணக்கில், அதாவது பதினாறு பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. நல்ல தாள், நல்ல ஓவியம் போட்டுச் செய்த சிறுவர் நூலுக்கு அந்த விலை கட்டாது. இன்றைய சிறுவர் அலமாரி இப்படி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. அவர் ஊர் இருக்கும் மாநிலத்தின் சிறுவர் அலமாரிகளில் அதிகம் மீறப்படும் விதி அதுவாகத்தான் இருக்கும்.

எனவே தேட வேண்டியது வேறு தட்டுகளில். பயணம், வேட்டை, காட்டுயிர், விண்வெளி, விளையாட்டு வீரர்கள், கடல், துப்பறியும் கதை, உலகச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்பு ஆகியவை பெரியவர் பகுதியில் இருக்கும். இவற்றில் 64 முதல் 130 பக்கத்துக்குள் இருப்பவற்றை எடுங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசை, பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வெளியீடுகள் இரண்டும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். முன்னதில் மொழிபெயர்ப்பு சில இடங்களில் விறைப்பாக இருக்கும். பின்னதில் எழுத்துரு வசதியான அளவில் இருக்கும், அறிவியல் நூல்களும் அதிகம்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அட்டைப்படத்தைப் பார்ப்பதற்கு முன் தேதிச் சீட்டைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரை குத்தும் அந்தச் சின்னத் தாள் உள்ளட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ ஒட்டியிருக்கும். முத்திரைகள் நெருக்கமாக, சில மாத இடைவெளியில் விழுந்திருந்தால் அந்தப் புத்தகத்தை நாலு பேர் விரும்பி எடுத்திருக்கிறார்கள். பத்து வருடத்தில் இரண்டே முத்திரை என்றால் வைத்துவிடலாம். கணினிப் பதிவுக்கு மாறிவிட்ட நூலகங்களில் இது உதவாது. அங்கே பக்க ஓரங்களின் அழுக்கைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது கட்டுமானம். பைண்டிங் செய்து மறுபடி தைத்த புத்தகங்களில் தையல் உள்விளிம்பைத் தின்றிருக்கும். நடுப்பக்கத்தைத் திறந்தால் வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ மடிப்புக்குள் மறைந்திருக்கும். பெரியவர்கள் யூகித்துப் படித்துவிடுவார்கள். தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளை மூன்றாவது பக்கத்தில் மூடிவிடும். கடைசிப் பாரத்தையும் புரட்டிப் பாருங்கள். துப்பறியும் கதையில் கடைசிப் பதினாறு பக்கம் காணாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி நூலகத்துப் பக்கமே வராது.

பலர் கவனிக்காத இன்னொன்று: பழைய எழுத்து. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, னை, ணை எல்லாம் கொம்பு சுற்றிய பழைய வடிவத்தில் இருக்கும், றா, னா, ணா ஆகியவை காலோடு சேர்ந்து ஒரே எழுத்தாகச் சுழித்திருக்கும். இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்த எழுத்துகளைப் பார்த்ததே இல்லை. கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் வரிக்கு இரண்டு இடத்தில் நின்றால் படிப்பது நடக்காது. பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு எடுங்கள். கதைமேல் பிடிப்பு வந்துவிட்ட பிள்ளைக்கு மட்டும், ஏழெட்டு எழுத்துகளை ஒரு தாளில் எழுதி உள்ளே செருகிக் கொடுத்தால் இரண்டே நாளில் பழகிவிடும்.

எத்தனை பக்கம் தாங்கும்?

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் குறை, தமிழ் புரியாதது அல்ல, மெதுவாகப் படிப்பது. வீட்டில் பேசும் தமிழ் சரளமாக இருக்கும், அச்சுத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும். அதனால் புத்தகத்தின் கனத்தை வயதை வைத்துத் தீர்மானிக்காமல் வேகத்தை வைத்துத் தீர்மானியுங்கள். பழக்கமில்லாத ஒரு பக்கத்தைக் கொடுத்து, கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, வாய்விட்டுப் படித்த சொற்களை எண்ணுங்கள்.

நிமிடத்துக்கு 60 சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்குச் சுமார் 150 சொல். ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், நாளுக்கு இருபது நிமிடம் என்றால் எட்டுப் பக்கம். 64 பக்கப் புத்தகம் எட்டு நாளில் முடியும். நூலகத் தவணை ஏறத்தாழ இரண்டு வாரம் என்பதால் இது வசதியாகப் பொருந்தும், நடுவில் ஊருக்குப் போய்வர நாலைந்து நாளும் மிஞ்சும். அதே பிள்ளையிடம் 128 பக்க நூலைக் கொடுத்தால் பதினாறு நாள் ஆகும். தவணை தாண்டும், அபராதம் சில்லறைக் காசுதான் என்றாலும் "முடிக்கவே முடியல" என்கிற சலிப்பு வந்துவிடும். 100 சொல் படிக்கிற பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் பதின்மூன்று பக்கம், 128 பக்கம் பத்து நாள். அந்த வேகத்தில் கதை கையை விட்டுப் போகாது. 60-க்குக் கீழே என்றால் முழு நாவலை இந்தக் கோடையில் மறந்துவிட்டு, தனித்தனிச் சிறுகதைகள் கொண்ட தொகுப்பைக் கொடுங்கள்.

புரிதலைச் சோதிக்க நடுவிலுள்ள ஒரு பக்கம் போதும். அதில் பொருள் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகம் அடுத்த ஆண்டுக்கு.

நாற்பது நாளில் மூன்று தவணை வரும். ஒவ்வொரு முறையும் மூன்று புத்தகம் எடுக்கலாம்: பிள்ளையே தேர்ந்தெடுத்தது இரண்டு, பெற்றோர் தேர்ந்தெடுத்தது ஒன்று. ஒன்பதில் நாலைந்து முடிந்தால் நல்ல கோடை. பிள்ளை தேர்ந்தெடுப்பதில் தலையிடாமல் இருப்பது இங்கே முக்கியம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ரிச்சர்ட் அலிங்டன், ஆன் மெக்கில்-ஃப்ரான்சன் இருவரும் ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடைகளில் தலா 12 புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். புத்தகங்களைக் குழந்தைகளே பொறுக்கிக்கொண்டார்கள். புத்தகம் பெறாதவர்களைவிட அவர்களுடைய வாசிப்புத் திறன் மேலாக இருந்தது. அவர்கள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள்தான். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை பன்னிரண்டு வயதில் இன்னும் அதிகமாகத்தான் தேவைப்படும், குறைவாக அல்ல. எடுத்த புத்தகத்தை இருபது பக்கத்தில் கைவிடவும் அனுமதியுங்கள். பெற்றோர் தேர்ந்தெடுத்ததற்கும் அதே விதி.

முடித்த புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று பரிசு வைக்காதீர்கள். வைத்த மறுவாரமே பிள்ளை அலமாரியில் மிக மெல்லிய புத்தகத்தைத் தேடும். சுருக்கம் எழுதச் சொல்வதும் அப்படித்தான், ஏப்ரலில் முடிந்த பள்ளி மேயில் மறுபடி தொடங்கிவிட்டதாகத் தோன்றும். கணக்கு வேண்டுமென்றால் ஒரு பழைய நோட்டில் தேதி, நிறுத்திய பக்கம், அந்த நாள் படித்ததில் ஒரு சொல் அல்லது ஒரு பெயர் ஆகிய மூன்றும் போதும். நிறுத்திய பக்கம் மூன்று நாளாக நகரவில்லை என்றால் புத்தகத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

நூலகத்திலேயே உட்கார்ந்து படிக்கலாமா? கிளை நூலகத்தில் அது அவ்வளவாக நடப்பதில்லை. காலையில் நாளிதழ் வாசகர்கள், மற்ற நேரம் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று இருக்கைகள் நிறைந்திருக்கும். அவர்கள் தேவையும் நியாயமானதுதான். ஆனால் பிள்ளைகள் இருவர் சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்தாலே நிமிர்ந்து பார்ப்பார்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இந்த விஷயத்தில் வேறு உலகம். சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதி, குளிர்சாதனம், ஆங்கில நூல்களின் பெரிய சேர்க்கை எல்லாம் உண்டு. விடுமுறையின் முதல் வாரத்தில் ஒருநாள் அழைத்துப்போக இதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே பிள்ளை எதை எடுத்துப் புரட்டுகிறது என்று தள்ளி நின்று கவனித்தால் போதும், கிளை நூலகத்தில் எந்தத் தட்டில் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அன்றாடப் பழக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளைதான் சரி.

துணைக்கு எவை?

ஸ்டோரிவீவர்: பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இலவசத் தளம். தமிழ் என்று வடிகட்டினால் கதைகள் கொட்டும். ஆனால் நிலைகளைப் புரிந்துகொண்டு போக வேண்டும். முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, நான்காம் நிலை அதற்கு மேல். ஆறாம் வகுப்புக்கு மேலே பொருத்தமானவை மூன்றும் நான்கும்தான், அவற்றின் எண்ணிக்கை கீழ்நிலைகளைவிடக் குறைவு. 1,500 சொல் என்பது 60 சொல் வேகத்துக்கு இருபத்தைந்து நிமிடம், ஒரே உட்காருதலில் தீர்ந்துவிடும். ஆக நூலகப் புத்தகம் கையில் இல்லாத நாளுக்கும், பேருந்துப் பயணத்துக்கும், வேகம் குறைந்த பிள்ளை முதல் வாரம் பழகிக்கொள்ளவும் நல்லது. தளத்திலுள்ள மொழிபெயர்ப்புகளைப் பயனர்களும் சேர்ப்பதால் தரம் ஏற்றத்தாழ்வாக இருக்கும், முதல் நாலு பக்கத்தைப் பெரியவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கைபேசியில் நேரடியாகத் திறந்தால் படம் பெரிதாகவும் எழுத்து சிறிதாகவும் வரும், நடுவே வாட்ஸப் மணி அடிக்கும். பிடிஎஃப்பாக இறக்கி, இணையத்தை அணைத்துவிட்டுக் கொடுங்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்துத் தைத்துக்கொள்ளவும் தடையில்லை.

துளிர்: தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் மாத இதழ். கதையே வேண்டாம் என்கிற பிள்ளைக்கு இதுதான் வாசல். கட்டுரைகள் நீளமாக இல்லை, செய்து பார்க்கும் சோதனைகள் இருக்கும். புதிய இதழ் மாதத்துக்கு ஒன்றுதான் என்பதால் நூலகத்தில் பழைய இதழ்களின் கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டி மூலையில் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியே தேட வேண்டிய தேவைகூடக் குறைவு. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கான தேன்சிட்டு இதழும், வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய கதைநூல்களும் பள்ளியிலேயே இருக்கின்றன. கதைநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் படிப்பெயர்கள் பிள்ளைகளைத் தாழ்வாக உணரவைக்காமல் இருப்பதே ஒரு சாதனை. கோடையில் இவை பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் என்பதுதான் குறை. கடைசி வேலைநாளுக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்து எடுத்துவந்துவிட வேண்டும். மே மாதம் நினைவு வந்து பயனில்லை.

காமிக்ஸைப் பற்றிப் பெற்றோர் முகம் சுளிப்பது இன்னும் போகவில்லை. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் 1972-இலும், லயன் காமிக்ஸ் 1984-இலும் தொடங்கின. இன்றும் இரண்டும் வருகின்றன. நிமிடத்துக்கு 60 சொல்லுக்குக் கீழே படிக்கும் பிள்ளைக்கு வேகம் கூட்ட இதைவிட எளிய வழி இல்லை. பலூனுக்குள் பத்துப் பன்னிரண்டு சொல், படம் பொருளைச் சொல்லிவிடும், அடுத்த கட்டத்துக்குப் போயே ஆக வேண்டிய அவசரமும் இருக்கும். கௌபாய்க் கதைகளில் துப்பாக்கிச் சண்டை தாராளம் என்பதால் ஆறாம் வகுப்புக்குத் தேர்ந்து கொடுங்கள். கிளை நூலகங்களில் அரிதாகத்தான் கிடைக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். வகுப்பு நண்பர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக்கொண்டால் செலவு தாங்கும், பேசுவதற்கு ஆளும் கிடைக்கும்.

கட்டண வாசிப்பு முகாம்களில் சேர்ப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ஒரு நாளில் பிள்ளை தானாக, மௌனமாகப் படிக்கும் நேரம் எத்தனை நிமிடம்? பதில் அரைமணிக்குக் குறைவு என்றால் அது கைவினை வகுப்பு, பெயர்தான் வேறு. கதை சொல்லி, முகமூடி செய்து, சான்றிதழோடு படம் எடுத்து அனுப்புவார்கள். பிள்ளைக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம், வாசிப்புக்கு அது கணக்காகாது.

மதிப்பெண் கேட்டால் கிளை நூலக அட்டைக்கு ஐந்துக்கு மூன்றரை. விலைக்கும் அண்மைக்கும் முழு மதிப்பெண். இந்த வயதுக்கான நூல்களின் சேர்க்கையில் ஒன்றும், அலமாரி ஒழுங்கில் அரையும் போய்விட்டன. வேண்டிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் பெயர் எழுதிக் கொடுங்கள். உடனே வராது, ஆனால் நாலு பெற்றோர் ஒரே வகை நூலைக் கேட்டால் பெரிய நூலகத்திலிருந்து கேட்டுவாங்கிக் கொடுக்க முயலும் நூலகர்கள் இருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்தபின் வார நாளில் போவது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை எந்த நேரம் திறந்திருக்கும் என்பதைக் கடைசித் தவணைப் புத்தகத்தைத் திருப்பித் தரும்போதே கேட்டு, அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.